பழைய 3டி டிவி: போலரைஸ்ட் கண்ணாடியா, ஷட்டர் கண்ணாடியா?

தீபாவளிக்குப் பிள்ளைகளோடு 3டி படம் பார்க்க ஆசைப்பட்டு, கோலாலம்பூரில் பழைய டிவி தேடுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வருகிறது. பழையதுதான் வழி, எல்ஜி, சோனி இரண்டும் 2017லேயே 3டி டிவியைக் கைவிட்டன.

வேலை செய்யும் விதம்
போலரைஸ்ட்: இரு கண்ணுக்கான படங்களும் ஒரே நேரத்தில், ஒன்றுவிட்டு ஒரு வரியாகத் திரையில் இருக்கும். இரண்டின் ஒளிக்கும் முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் விதம்) வேறு, அதை வைத்துக் கண்ணாடி பிரித்துக் கொடுக்கும்.
ஷட்டர்: இடது, வலது என்று படம் மாறி மாறி வரும். அதே வேகத்தில் கண்ணாடியின் திரவப் படிக வில்லைகள் மூடித் திறக்கும்.

தெளிவு
போலரைஸ்ட்: 1080 வரிகளில் ஒரு கண்ணுக்கு 540தான்.
ஷட்டர்: முழு 1080. ஆனால் சிலருக்குத் திரை மினுக்கும், தலை வலிக்கும்.

செலவு
போலரைஸ்ட்: மலிவு, பேட்டரி வேண்டாம். குட்டிப் பையன் மிதித்து உடைத்தாலும் பதறத் தேவையில்லை. பெரும்பாலும் தியேட்டரில் தரும் ரியல்டி (RealD) நிறுவனக் கண்ணாடியே பொருந்தும். நிலைக்கண்ணாடி முன் அதை மாட்டி ஒரு கண்ணை மூடுங்கள். திறந்த கண்ணின் வில்லை கறுப்பாகத் தெரிந்தால் அது இந்த டிவிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும் வட்ட முனைவாக்க (ஒளி அலை சுழன்று வரும்) வகை.
ஷட்டர்: விலை அதிகம், சார்ஜ் செய்யணும். மாடலுக்கு ஏற்றது கிடைப்பதும் சிரமம்.

கூட்டமாகப் பார்க்கும் குடும்பத்துக்குப் போலரைஸ்ட்தான் என் ஓட்டு. தனியாக உட்கார்ந்து நுணுக்கம் ரசிப்பவர், அல்லது வீட்டில் டிஎல்பி (நுண் ஆடிகளால் படம் காட்டும்) புரொஜெக்டர் வைத்திருப்பவர் ஷட்டருக்குப் போகலாம். வெறும் வெள்ளைச் சுவரே போதும். புரொஜெக்டரில் போலரைஸ்ட் என்றால் வெள்ளிப் பூச்சுள்ள தனித் திரைக்கும் செலவழிக்க வேண்டும்.