போனைக் காலி செய்து ஒன்றரை வருஷம்

உளுந்து மாதிரியைக் காகிதத்தில் பரப்பிப் படம் எடுக்கப் போனேன். 'இடம் இல்லை' என்று கைவிரித்துவிட்டது போன். வாங்குகிறவர் லைனில் காத்திருக்கிறார், ரங்கூனின் பயின்னவுங் மொத்தச் சந்தையில் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. அன்று ராத்திரிதான் உட்கார்ந்து எண்ணினேன்: 64 ஜிபி போனில் 94 செயலிகள்.

ரங்கூனில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2014இல் சிம் கார்டு 1,500 சாட்டுக்கு (பர்மியப் பணம்) வந்ததிலிருந்து வாங்கிய ஒவ்வொரு போனிலும் பழைய மூட்டையை அப்படியே ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். சென்னை அத்தைக்கு வாட்ஸ்அப், மௌல்மீன் சித்திக்கும் கடை வாடிக்கைக்காரர்களுக்கும் வைபர், பணத்துக்கு கேபிஇசட்பே, அதில் இல்லாதவர்களுக்கு வேவ்பே. 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக் முடக்கப்பட்டபின் தடையைத் தாண்ட ஆளாளுக்கு ஒரு விபிஎன் செயலி சொல்ல, என்னிடம் ஐந்து சேர்ந்திருந்தன. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

பிளே ஸ்டோரில் 'குறைவாகப் பயன்படுத்தியவை' என்ற வரிசையில் போட்டுப் பார்த்து, ஒரே மூச்சில் ஐம்பதுக்கு மேல் நீக்கினேன். மிச்சமான இடம் நாலு ஜிபிகூட இல்லை! அக்கா மகள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, குப்பை செயலியில இல்ல, வைபர்ல இருக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. எட்டு வருஷத்து உளுந்துப் படங்களும் காலை வணக்கப் பூக்களும் மட்டும் 11 ஜிபி. செயலிகளை எண்ணிக்கொண்டிருக்கும் முன் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து எது பெருத்திருக்கிறது என்று பாருங்கள். எனக்கு அது பிந்தித்தான் தெரிந்தது.

அப்புறம் அடுக்கும் வேலை. எல்லாரும் செய்வதுபோல் வங்கி, அரட்டை, செய்தி, பொழுதுபோக்கு என்று பெட்டி பெட்டியாகப் பிரித்தேன். பத்து நாள் தாங்கவில்லை. வைபர் எனக்கு அரட்டையா, வியாபாரமா? ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில் நிலைத்தது வேறு ஒரு பிரிவு: கரண்ட் இருக்கும்போது, கரண்ட் இல்லாதபோது.

சிரிக்க வேண்டாம். இங்கே மின்வெட்டு நீண்டால் டவர் பேட்டரியும் இறங்கி நெட் தவழ ஆரம்பிக்கும். அதனால் முதல் திரையில் நெட் இல்லாமல் வேலை செய்பவை மட்டும்: கால்குலேட்டர், குறிப்பேடு, இறக்கி வைத்த வரைபடம், பர்மிய அகராதி, டார்ச். மற்றதெல்லாம் இரண்டாம் திரையில். தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ!" (கரண்ட் வந்தாச்சு!) என்று கத்தும்போதுதான் விரல் அந்தப் பக்கம் போகும். எண்பது சதவீதம் இருந்த பேட்டரி சாயங்காலத்துக்குள் செத்துப்போவது இதனாலேயே குறைந்தது. சும்மா எதையாவது திறக்கும் பழக்கத்துக்கு ஒரு தடை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

'பயன்படுத்தாததை ஆர்க்கைவ் செய்' என்று ஒரு வசதி ஆண்ட்ராய்டில் உண்டு. தரவும் ஐகானும் இருக்கும், உடம்பு மட்டும் போய்விடும். நல்ல வசதிதான். ஆனால் திரும்ப வேண்டும்போது நெட் வேண்டுமே! இருட்டில் ஐகானை அழுத்தி 'இறக்குகிறது' என்ற வட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த அனுபவத்துக்குப் பின் அதை அணைத்துவிட்டேன். அதேபோல் மாதக்கணக்கில் தொடாத ஸ்கேனர் கேமரா அனுமதியை மறுபடி கேட்டது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். தொடாத செயலிகளின் அனுமதியை ஆண்ட்ராய்டு 11 முதல் போனே பறித்துக்கொள்ளும் என்பது பிறகு தெரிந்தது.

தவறும் செய்தேன். ஒரு பணச் செயலியைத் தேவையில்லை என்று நீக்கினேன், பணம் கணக்கில்தானே இருக்கிறது என்ற தைரியம். திரும்பப் போட்டபோது ஓடிபி பழைய நம்பருக்குப் போனது. அந்த சிம்மை நான் எப்போதோ தொலைத்திருந்தேன். அடையாள அட்டையோடு அரை நாள் வரிசை. இன்னொன்று, ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சிறு செயலி. 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறிவிட்டதே என்று தூக்கிப் போட்டேன். போன மாதம் 2018 கணக்குக் குறிப்பு ஒன்றைத் திறந்தால் பூச்சி ஊர்ந்த மாதிரி எழுத்து. மறுபடி தேடிப் போட்டேன்.

29 வரை இறக்கினேன். இன்று எண்ணினால் 37. அதில் மூன்று, அக்கா மகள் போட்டுவிட்டுப் போன விளையாட்டுகள். நீக்கலாமா என்று கேட்டேன், "கரண்ட் இல்லாதப்போ விளையாட, மாமா" என்றாள். முதல் திரையிலேயே கிடக்கின்றன.