எக்சோசிஸ்ட் (1973): பேய் வாறதுக்கு முதலே வாற பயம்

முதல்லயே சொல்லிர்றன், எக்சோசிஸ்ட் படத்தில பேய் வாறதுக்கு முதல் இருக்கிற அந்த ஒரு மணித்தியாலம்தான் உண்மையான பயம். பேய்தான் எண்டு தெரிஞ்சாப் பிறகு ஒரு வகையில நிம்மதியாக்கூட இருக்கும், ஏனெண்டா பிள்ளைக்கு என்ன வருத்தம் எண்டாவது தெரிஞ்சிட்டுதே.

இந்தப் படத்தைப் பத்திக் கதைக்கிற எல்லாரும் கழுத்து முழுசாச் சுத்துறது, பச்சை வாந்தி, கட்டில் ஆடுறது எண்டுதான் தொடங்குவாங்க. அதெல்லாம் இப்ப ஃபோன்ல துண்டு துண்டா வந்து சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும், கொமெடிக்காரரும் அடிச்சுத் துவைச்சிட்டாங்க. 1973 டிசம்பர்ல அமெரிக்காவில வெளிவந்த படம், 50 வருசத்துக்கு மேலாயிட்டுது, எந்தக் காட்சிய எப்பிடி எடுத்தாங்க எண்டு எல்லாமே வெளிய வந்திட்டுது. எல்லாம் தெரிஞ்சும் இரவில தனிய இருந்து பாத்தா எழும்பி பாத்ரூம் போக இண்டைக்கும் யோசிக்க வேண்டிக்கிடக்கு. ஏன் எண்டு கனநாளா யோசிச்சதைத்தான் இதில எழுதுறன், கதையும் கொஞ்சம் வெளிய வரும், பாக்காத ஆக்கள் பாத்திட்டு வந்து வாசிச்சாலும் சரி.

கதை லேசான கதைதான். வாஷிங்டன்ல ஜோர்ஜ்டவுன் எண்ட இடத்தில ஷூட்டிங்குக்காக வாடகை வீட்டில இருக்கிற நடிகை கிறிஸ், அவவுக்கு 12 வயசில ரீகன் எண்டு ஒரு மகள், தகப்பன் தூரத்தில, பிள்ளையிட பிறந்தநாளுக்குக்கூட ஒரு கோல் எடுக்கேல்ல. தாயா எலன் பேர்ஸ்டின், மகளா லிண்டா பிளேர். வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971ல எழுதின நாவலுக்கு அவரே திரைக்கதையும் எழுத, டைரக்ட் செஞ்சது வில்லியம் ஃப்ரீட்கின். ஃப்ரீட்கின் முதல்ல டொக்குமென்டரி எடுத்த ஆள், அத ஞாபகத்தில வெச்சுக்கொண்டு பாத்தீங்க எண்டா படம் ஏன் இப்பிடி இருக்கு எண்டு விளங்கும். கமரா உங்களப் பயப்படுத்த வாறதே இல்ல, ஒரு வீட்டில நடக்கிறத ஓரமா நிண்டு பாக்குது, அவ்வளவுதான். மியூசிக்கும் மிச்சம் குறைவு, எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த மணி மாதிரி ட்யூன்கூட தாய் நடந்து வீட்ட வாற ஒரு இடத்தில கொஞ்ச நேரம் கேக்கும், வேற பெரிசா இல்ல. இப்பத்தப் படங்கள்ல கதவு திறக்க முதலே வயலின் கத்தி எங்களுக்குச் சொல்லிக் குடுத்திரும், இதில அப்பிடி ஒரு உதவியும் கிடையாது.

வருத்தம் தொடங்கிற விதத்தைப் பாருங்க. மேல்மாடியில எலி ஓடுற மாதிரி சத்தம், கட்டில் ஆடுது எண்டு பிள்ளை சொல்லுது, தாய் பெரிசா எடுக்கேல்ல. பிறகு வீட்டில பார்ட்டி, பெரிய ஆக்கள் எல்லாரும் பியானோவச் சுத்தி நிண்டு பாடிக்கொண்டு இருக்கேக்க இந்தப் பிள்ளை நைட்டியோட இறங்கி வந்து, அங்க நிண்ட விண்வெளி வீரரைப் பாத்து நீ மேல போய் சாகப்போறாய் எண்டு சொல்லிட்டு, நிண்ட இடத்திலயே கார்ப்பெட்டில சிறுநீர் கழிக்குது. சத்தம் இல்ல, ரத்தம் இல்ல, பேய் முகம் இல்ல. அந்த ஹோலில நிக்கிற ஒருத்தருக்கும் என்ன செய்யிறது எண்டு தெரியேல்ல, தாய் எல்லாரிட்டயும் மன்னிப்புக் கேட்டு பிள்ளைய மேல கூட்டிக்கொண்டு போறா. சபைக்கு முன்னால தன்ட பிள்ளை ஒரு மாதிரி நடந்தா ஒரு தாய்க்கு எப்பிடி இருக்கும் எண்டத அந்த முகத்தில பாக்கலாம்.

அதுக்குப் பிறகு ஹொஸ்பிட்டல். என்ட அபிப்பிராயத்தில படத்திலயே ஆகப் பயங்கரமான இடம் இதுதான், 1974ல தியேட்டர்ல மயங்கி விழுந்த சனத்தில கனபேர் இந்த இடத்திலதான் விழுந்திருக்கிறாங்க. மூளையில ஏதும் கோளாறோ எண்டு பாக்கிறதுக்கு பிள்ளைய மேசையில கிடத்தி, கட்டி, கழுத்தில ஊசி ஏத்தி, குழாய் மாட்டேக்க ரத்தம் சீறி அடிக்குது, நேர்ஸ், டெக்னீசியன் எல்லாரும் தினம் செய்யிற வேலை மாதிரி அமைதியாச் செய்யிறாங்க, பிறகு அந்த எக்ஸ்ரே மெசின் டமார் டமார் எண்டு அடிக்குது, அந்தப் பிள்ளையிட கண் மட்டும் அங்கயும் இங்கயும் ஓடுது. ஒருத்தரும் கெட்டவங்க இல்ல, எல்லாரும் உதவி செய்யத்தான் நிக்கிறாங்க. இத எங்கட வீட்டு ஹோலில போட்டிருக்கேக்க மாமியும் வந்து இருந்தவ, இங்கிலிஸ் அவவுக்குப் பெரிசா விளங்காது, பேய்க் காட்சியெல்லாம் வெத்திலை போட்டுக்கொண்டு இருந்து பாத்தவ, ஆனா அந்த இடம் வந்த உடன "தம்பி, பேயைக் காட்டினாலும் பரவாயில்ல, அந்தப் பிள்ளைக்கு ஊசி குத்திறத நிப்பாட்டு" எண்டு எழும்பிப் போயிட்டா.

எடுத்த படத்தை லைட்டுக்கு முன்னால மாட்டிப் பாத்திட்டு டொக்டர் சொல்றது ஒண்டும் இல்ல எண்டுதான். அங்கதான் எனக்குக் கை குளிரும். ரிப்போட் எல்லாம் நோமல், ஆனா வீட்ட போனா பிள்ளை நோமல் இல்ல. 88 டொக்டர்மார் பாத்தும் ஒரு பதில் இல்ல எண்டு அந்தத் தாய் கத்திற இடம் ஒண்டு இருக்கு, பேர்ஸ்டின் அதில நடிக்கிறா எண்டே தெரியாது.

திருகோணமலையில இருக்கிற எங்களுக்கு இந்தப் பாதை புதுசில்ல. வீட்டில ஒருத்தருக்கு விளங்காத வருத்தம் வந்தா பெரியாஸ்பத்திரி கிளினிக், அங்க இருந்து கண்டி, கொழும்பு எண்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவம். அதே கிழமையில பத்திரகாளி அம்மன் கோயில்ல அர்ச்சனையும் செய்வம், பாலையூற்று லூர்து மாதாவிட்டயும் மெழுகுதிரி கொளுத்துவம், ஆரோ சொன்னாங்க எண்டு தேசிக்காய் வெட்டிக் கழிப்பும் கழிப்பம், கிண்ணியாப் பக்கம் தெரிஞ்ச ஆக்கள் இருந்தா ஓதித் தண்ணியும் வாங்கி வருவம். எங்கட ஊர்ல எந்த மதத்து ஆளும் மற்ற மதத்து வாசல்ல போய் நிக்கிறதுக்கு வருத்தம் மாதிரி ஒரு காரணம் வேற இல்ல. இந்தப் படத்தில கிறிஸ் எண்ட அந்தத் தாய்க்கு கடவுள் நம்பிக்கையே இல்ல, அவவப் பேயோட்டச் சொல்லி அனுப்பிறதும் குருமார் இல்ல, டொக்டர்மார்தான். பிள்ளை தனக்குள்ள ஏதோ புகுந்திட்டுது எண்டு நம்பினா, அத வெளிய எடுக்கிற மாதிரி ஒரு சடங்கு செஞ்சா அந்த நம்பிக்கையாலயே சுகப்படலாம் எண்டு சொல்லி அனுப்பிறாங்க. கையில இருந்த கடைசிச் சீட்டும் முடிஞ்சு போன பெரிய படிப்புப் படிச்ச ஆக்கள் ஒரு நடிகைய பாதரிட்ட அனுப்பிற அந்த இடம்தான் இந்தப் படத்திட நடு முதுகெலும்பு. ஃபைல் தூக்கி அலைஞ்ச ஒருத்தருக்கு இதப் பாத்தா கத்திற பேயெல்லாம் ரெண்டாம் பட்சம்.

இன்னொண்டு, எங்கட தமிழ்ப் பேய்ப் படங்கள்ல பேய்க்கு எப்பவும் ஒரு ஞாயம் இருக்கும். இன்டர்வெலுக்குப் பிறகு ஃபிளாஷ்பேக் வரும், ஆரோ ஏமாத்தினான், ஆரோ கொண்டு புதைச்சான், பழி வாங்கி முடிஞ்ச உடன பேய் கும்பிட்டுப் போயிரும், நாங்களும் அழுதுபோட்டு வீட்ட போவம். நல்ல படங்களும் இருக்கு, எனக்கும் பிடிக்கும், ஆனா காரணம் தெரிஞ்ச பேய் எங்களுக்குச் சொந்தக்காரர் ஆகிரும். இதில அந்தப் பிள்ளை ஒரு பிழையும் செய்யேல்ல, தாய் பிழை செய்யேல்ல, வீட்டில ஆரும் ஆரையும் கொல்லேல்ல. ஏன் இந்த வீடு, ஏன் இந்தப் பிள்ளை எண்டதுக்குப் படத்தில பதிலே இல்ல. பதில் இல்லாததாலதான் படம் முடிஞ்சாப் பிறகும் மண்டைக்குள்ள ஓடிக்கொண்டு இருக்கு.

சத்தத்தைப் பத்திச் சொல்லாட்டி பாவம். 1974ல இந்தப் படத்துக்கு 10 ஒஸ்கார் நொமினேசன் கிடைச்சது, சிறந்த படத்துக்கான நொமினேசனுக்குப் போன முதல் பேய்ப் படமே இதுதான், கடைசியில கிடைச்சது ரெண்டு, ஒண்டு திரைக்கதைக்கு, மற்றது சவுண்டுக்கு. அந்த சவுண்ட் அவார்ட் சும்மா குடுத்தது இல்ல. கழுத்துத் திரும்பிற சத்தம் ஒரு பழைய தோல் பர்சை மைக்குக்குக் கிட்டப் பிடிச்சு முறுக்கி எடுத்தது. பேயிட குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் எண்ட நடிகையிட குரல், ரேடியோ நாடகத்தில ஊறின ஆள், அந்தக் கரகரப்பு வாறதுக்காகப் பச்சை முட்டை குடிச்சு, சிகரெட் ஊதி, கதிரையில தன்னைக் கட்டச் சொல்லி இருந்து பேசினவ, அப்பிடிப் பேசியும் முதல்ல வந்த பிரிண்டுகள்ல அவவிட பேரையே போடேல்ல, சண்டை பிடிச்சுத்தான் போட வெச்சவ. ஒரு 12 வயசுப் பிள்ளையிட வாயில இருந்து அந்தக் குரல் வரேக்க அது ஆம்பிளையா பொம்பிளையா எண்டு எங்கட காதுக்குப் பிடிபடாது.

பிறகு அந்தக் குளிர். ரூம் செட்டையே ஃப்ரிட்ஜ் மாதிரி ஆக்கி பூச்சியத்துக்குக் கீழ கொண்டுபோய் எடுத்திருக்கிறாங்க, குருமார் செபம் சொல்லேக்க வாயால போற புகை உண்மையான புகை. எங்கட வெக்கைக்குள்ள, ஃபேனும் சூட்டுக் காத்து அடிக்கிற இரவில இருந்து அதப் பாக்கேக்க அந்த அறை இந்த உலகத்து இடமே இல்ல எண்டு தெரியும்.

குருமார் எண்டதில ஒரு விசயம் எங்கட ஊர் ஆக்களுக்குக் கிட்ட வரும். படத்தில வாற ஃபாதர் காராஸ் யேசுசபைக்காரர், மனநல டொக்டரும் கூட. அமெரிக்க யேசுசபைக் குருமார் திருகோணமலையிலயும் மட்டக்களப்பிலயும் வருசக்கணக்கா இருந்து படிப்பிச்சவங்க, சூசையப்பர் கல்லூரியில படிச்ச எங்கட அப்பாமார் அவங்களைப் பத்தி இண்டைக்கும் கதைப்பாங்க, அதனால வெள்ளைக்கார ஃபாதர் ஒருத்தர் ஜிம்மில குத்துச்சண்டை பழகுறதோ, சிகரெட் குடிச்சுக்கொண்டு யோசிக்கிறதோ எங்களுக்கு அந்நியமாத் தெரியாது. காராஸா வாறது ஜேசன் மில்லர், நாடகம் எழுதிற ஆள், இதான் முதல் படம். தாயைத் தனிய விட்டிட்டன் எண்ட குற்ற உணர்ச்சி அவருக்கு, தாய் தனியவே செத்துப் போறா. பேய் அந்த ஆளிட தாயிட குரல்லயே கதைக்கும். பேய்க்கு அவரிட எந்தப் புண்ணைத் தொடோணும் எண்டு தெரியும், எங்கள்ல ஊரில தாயை விட்டிட்டு வெளிநாட்டில இருக்கிற எத்தினை பேர் அந்த இடத்தைக் கண்ணை மூடாமப் பாப்பாங்க எண்டு தெரியேல்ல. பேயோட்ட வாற வயசான மெரின் பாதர் வந்து கேற்றடியில அந்த வெளிச்சத்தில நிக்கிற போஸ்டர்க் காட்சி படம் தொடங்கி ஒண்டரை மணித்தியாலம் தாண்டித்தான் வரும், நடிச்ச மேக்ஸ் ஃபொன் சிடோவுக்கு அப்ப 40 சொச்சம்தான், டிக் ஸ்மித் மேக்கப்பில கிழவனாக்கியிருக்கிறார், நம்பவே மாட்டீங்க.

குறை இல்லாம இல்ல. தொடக்கத்தில ஈராக்கில பழங்காலப் பொருள் தேடித் தோண்டிற பகுதி கனபேருக்கு இழுக்கும், எனக்கு ஓகே, ஆனா பொலிஸ்காரர் வந்து கதைக்கிற இடங்கள் ரெண்டு மூண்டை நறுக்கியிருக்கலாம். வேலைக்காரரைக் காட்டிற விதமும் பழசுதான்.

இன்னொரு பெரிய விசயம், இது பிள்ளைகளோட இருந்து பாக்கிற படம் இல்ல, விளையாட்டுக்குச் சொல்லேல்ல. வாய்ப்பேச்சு படு தூசணம், சிலுவையோட வாற ஒரு காட்சி நம்பிக்கையுள்ள வேதக்கார ஆக்களுக்கு மனசு நோகும், அத முதலே தெரிஞ்சுகொண்டு போறது நல்லம். பிரிட்டன்ல 1999 வரைக்கும் கன வருசம் இதை வீட்டு வீடியோவா விக்க சென்சார் விடேல்ல. வீட்டில வலிப்பு வருத்தக்காரர், மனநல மருந்து எடுக்கிறவங்க இருந்தா அவங்களுக்கு முன்னால போடாதீங்க, தங்கட வருத்தத்தையே அவங்க அதில பாப்பாங்க.

எந்த வேர்ஷன் பாக்கிறது எண்டு கேட்டா, 1973ல வந்த 2 மணித்தியாலம் 2 நிமிசப் படத்தைத்தான் தேடிப் பிடியுங்க. 2000ல 10 நிமிசம் கூட்டி ஒண்டு விட்டாங்க, அதில பிள்ளை தலைகீழா சிலந்தி மாதிரி படியிறங்கிற காட்சி இருக்கு, அந்த நேரம் தூக்கிவாரிப் போடும்தான், ஆனா இடையிடையே சுவரிலயும் கதவிலயும் பேய் முகத்தை ஒட்டி விட்டிருக்கிறாங்க, அது எனக்குத் தேவையில்லாத வேலையாத்தான் பட்டுது. அதோட ரெண்டு ஃபாதர்மாரும் படியில இருந்து ஏன் இந்தப் பிள்ளை எண்டு கதைக்கிற ஒரு இடம், எங்களை நாங்களே மிருகமா, அசிங்கமா நினைச்சு மனசு உடையப் பண்ணத்தான் எண்டு மெரின் விளக்கம் சொல்லுவார். நாவலாசிரியருக்கு அது முக்கியம், நல்ல பேச்சும்தான், ஆனா எனக்கு அந்த விளக்கம் இல்லாத படம்தான் வேணும். ஹெட்ஃபோன் போட்டு, சப்டைட்டிலோட, ஃபோனைத் தூர வெச்சிட்டு ஒரே இருப்பில பாருங்க, முதல் ஒரு மணித்தியாலத்தை ஓட்டிப் பாக்காதீங்க.