டிவி5மோந்த் பயிற்சித் தாள்கள்: கேட்கச் சொல்லித் தரும், ஒலிப்பு உங்கள் பொறுப்பு

பிரெஞ்சு ஆசிரியர்களுக்காக, பிரெஞ்சு மொழித் தொலைக்காட்சியான டிவி5மோந்த் இலவசமாகத் தரும் தொகுப்பில், பொதுவாகக் காணொளியுடன் ஆசிரியர் தாள், மாணவர் தாள், பேச்சின் எழுத்து வடிவம் மூன்றும் இருக்கும். ஏ1 (தொடக்கநிலை) முதல் பி2 (மேல் இடைநிலை) வரை நிலைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். விடைகள் ஆசிரியர் தாளில். எல்லாமே பிரெஞ்சில்தான்.

ஏ1 வகுப்பில் முதல் சறுக்கல் இங்கேதான். மாணவர் காணொளியைப் புரிந்துகொண்டிருப்பார்; 'கோஷே' (குறியிடுங்கள்), 'ரலியே' (இணையுங்கள்), 'கோம்ப்ளேத்தே' (நிரப்புங்கள்) புரியாமல் விடையைத் தவறவிடுவார். இப்படிப்பட்ட ஏழெட்டு ஏவல் சொற்களை முன்கூட்டியே பலகையில் எழுதிப் பழக்கிவிடுங்கள்.

தாள்களின் பலம், காணொளியைக் கையாளும் விதம். பலவற்றில் முதல் சுற்று ஒலியில்லாமல்: யார், எங்கே, என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டும். அடுத்த சுற்றில் ஒலியோடு சரிபார்ப்பு. மூன்றாவது சுற்றை நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம். எழுத்து வடிவத்தை அதற்குப் பிறகே கொடுங்கள்; முன்னதாகக் கொடுத்தால் எல்லோரும் குனிந்து வாசிப்பார்கள், காது வேலை செய்யாது. எல்லாப் பயிற்சிகளையும் செய்ய ஒரு மணி நேர வகுப்பு போதாது. மூன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பல நிலையினர் கலந்த வகுப்பில், தாளின் மேல் இருக்கும் நிலைக்குறியைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். நிலை பெரும்பாலும் வேலையில்தான் இருக்கிறது. அதே இரண்டு நிமிடக் காணொளியில் ஏ1 மாணவர் கண்ட பொருள்களைப் பட்டியலிடட்டும், ஏ2 மாணவர் யார், எப்போது, எங்கே என்று எழுதட்டும், பி1 மாணவர் பேசுபவரின் காரணங்களைப் பிரித்தெடுக்கட்டும், பி2 மாணவர் அதை மறுத்துப் பேசட்டும்.

கற்பவர்களுக்கான இணையப் பயிற்சிகள் உடனே திருத்திக் காட்டுவதால் வீட்டுப்பாடத்துக்கு ஏற்றவை. ஆனால் பல விடைகளை ஊகித்தே சொடுக்கிவிடலாம். இரண்டு விடைகளுக்காவது காரணத்தை ஒரு வரியில் கேளுங்கள்.

குறை என்றால் ஒலிப்பு. உலகம் முழுவதற்கும் எழுதிய தாள், தமிழ்க் காதுக்கு எது சிக்கும் என்று யோசிக்காது. மாணவர்கள் ஓரத்தில் தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொள்வார்கள். 'ப்வாஸோன்' என்று எழுதினால் மீன், பானம், நஞ்சு என்னும் பொருளுள்ள மூன்று பிரெஞ்சுச் சொற்களும் ஒன்றாகிவிடும்! அந்த ப, ஸ ஒலிகளில் தொண்டை அதிர்கிறதா இல்லையா என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. தொண்டையில் விரல் வைத்து மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லவைக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மூக்கொலி உயிருக்கு அவ்வளவு பாடு வேண்டாம்: பேச்சில் 'மரம்' என்னும்போது கடைசியில் உதடு மூடாதே, 'நல்ல' என்னும் பொருளுள்ள 'போன்' கிட்டத்தட்ட அதே முடிவொலிதான்.

இலக்கணத்திலும் தமிழ் கைகொடுக்கும். 'ஸோர்த்தீர்' என்ற வினை, இறந்தகாலத்தில் 'வெளியே போனேன்' என்றால் 'எத்ர்' துணைவினையையும், 'வெளியே எடுத்தேன்' என்றால் 'அவ்வார்' துணைவினையையும் ஏற்கும். ஓடினேன், ஓட்டினேன் என்று தன்வினை பிறவினையைக் காட்டினால் ஏ2 வகுப்பு பிடித்துக்கொள்ளும்.

செய்தி சார்ந்த தாள்களை எடுக்கும் முன் தேதியைப் பாருங்கள். பழைய அரசியல் செய்தியென்றால் பின்னணி சொல்லவே கால் மணி நேரம் போய்விடும்.