"ரெடிமேட் ஓவர்ஃப்ளோ செட்" வாங்கி வீட்டுக்குள் தண்ணீர் விட்ட கதை: மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

என் மீன் தொட்டிக்கு சம்ப் (தொட்டிக்குக் கீழே இருக்கும் இன்னொரு தொட்டி; அதிலுள்ள பம்ப் தண்ணீரை மேலே அனுப்பும்), ஓவர்ஃப்ளோ (மேல் தொட்டித் தண்ணீரை சம்புக்கு இறக்கும் குழாய்) எல்லாம் நானே செய்வதாகத்தான் இருந்தேன். அளவெடுத்துக்கொண்டு, மீன் தொட்டிக் கடைகள் நிறைந்த சென்னை கொளத்தூருக்கு பைப் வாங்கப் போன இடத்தில், ஒரு கடைக்காரர் "எதுக்கு சார் கஷ்டம், ஃபுல் செட்டா நாங்களே மாட்டித் தரோம்" என்றார். சம்ப், பம்ப், பிவிசி ஓவர்ஃப்ளோ, வேலைக்கூலி சேர்த்து 9,000 ரூபாய். "கரண்ட் போனா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாது, வந்ததும் தானா ஓடும்" என்றார். நம்பிவிட்டேன்.

என் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். இதில் 1 அங்குலத் தண்ணீர் என்பது ஏறக்குறைய 14 லிட்டர். பம்பிலிருந்து மேலே வரும் குழாயின் வாயை அவர்கள் நீர்மட்டத்துக்கு 5 அங்குலம் கீழே வைத்திருந்தார்கள். பம்ப் நின்றால் அதே குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி சம்புக்கு இறங்கும், குழாய் வாய் வெளியே தெரியும் வரை நிற்காது. அதாவது 70 லிட்டர். சம்பில் மிச்சம் இருந்த இடமோ சுமார் 20 லிட்டர்தான். மாட்டிய நான்காம் நாள் ராத்திரி கரண்ட் போனது. மீதி 50 லிட்டரும் ஹாலில்.

போன் செய்தேன். ஆள் வந்து, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றை மேலேறும் குழாயில் மாட்டி, அதற்கு 350 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டு போனார். அவர்கள் செய்த தவறுக்கு நான் காசு கொடுத்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. இந்த வால்வில் பாசியோ சின்ன நத்தையோ சிக்கினால் மூடாது. அதை மட்டும் நம்பக் கூடாது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் மறுபடி கரண்ட் போனது. இந்த முறை வால்வு பிடித்தது, ஆனால் ஓவர்ஃப்ளோ கைவிட்டது. தொட்டி விளிம்பின் மேல் வளைந்து போகும் அந்தக் குழாயின் மேல் இணைப்பில் ஒட்டும் சொல்யூஷனே போடாமல் சும்மா செருகியிருந்தார்கள். அதன் வழியே காற்று புகுந்து சைஃபன் (குழாயில் தண்ணீர் நிறைந்திருக்கும் வரை விளிம்பைத் தாண்டி இழுத்து இறக்கும் ஓட்டம்) அறுந்துவிட்டது. கரண்ட் வந்ததும் பம்ப் மேலே ஏற்றுகிறது, கீழே இறங்க வழியில்லை. தொட்டி வழிந்தது. சம்பில் பம்ப் இருந்த தடுப்பு காலியாகி, பம்ப் விடிய விடியத் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகியது. ஓட்டமே இல்லாமல் நின்ற தண்ணீரில் இரண்டு பெரிய ஒராண்டா வகைத் தங்கமீன்கள் காலையில் செத்துக் கிடந்தன. நான்கு வருடம் வளர்த்தவை. தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ஒரு சாண் தள்ளித் தண்ணீர் நின்றது. என் மகள் தினமும் எழுந்ததும் வெறுங்காலோடு அங்கேதான் போய் நிற்பாள். அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

கடைக்காரரின் பதில்: "கரண்ட் போறதுக்கு நாங்க பொறுப்பா சார்?" பில்லில் "ஓவர்ஃப்ளோ செட் 1" என்று மட்டும்தான் இருந்தது. பணம் திரும்ப வரவில்லை.

அப்புறம் நானே இறங்கினேன். மீன்களை டப்பில் மாற்றி, தொட்டியின் பின் கண்ணாடியில் ஓட்டை போட வைத்தேன். சாதாரண கண்ணாடி என்பதால் முடிந்தது. டஃபன்ட் கண்ணாடியில் (சூடாக்கிக் குளிர்வித்து வலுவாக்கியது) போட்டால் நொறுங்கிவிடும், முதலில் விசாரியுங்கள். இப்போது தண்ணீர் ஓட்டை வழியே தானாக இறங்குகிறது, சைஃபனே தேவையில்லை. மேலேறும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சிறு துளை. பம்ப் நின்றால் அதில் காற்று ஏறி, 1 அங்குலத்துக்குள் திரும்பும் ஓட்டம் நின்றுவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இப்போது சுவரில், தொட்டிக்கு மேலே இருக்கிறது.

கடையில் செய்து வாங்குவதானால், மாட்டிய ஆள் வீட்டில் நிற்கும்போதே பம்பை அணைக்கச் சொல்லுங்கள். சம்பில் தண்ணீர் ஏறி முழுதாக நிற்கும் வரை பாருங்கள். கால் மணி நேரம் கழித்துப் போடச் சொல்லி, தொட்டி வழியாமல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். இதை நாலைந்து முறை செய்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்று பகலிலேயே ஒருமுறை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.