புதன்கிழமை ஊசியும் வராந்தா பெஞ்சும்

போன புதன்கிழமை இளையவளுக்கு மூணரை மாச ஊசி போட்டு வந்தேன். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்தான். மூத்தவனுக்கும் எல்லா ஊசியும் இங்கேதான் போட்டேன், அவனுக்கு இப்போது மூன்று வயது.

"கவர்மெண்ட்லயா போடப்போற?" என்று கேட்கிறவர்களுக்காக முதலில் ஊசி விஷயம். மூணரை மாதத்தில் மூன்று குத்து: இடது தொடையில் பெண்டா, வலது தொடையில் நிமோனியாவுக்கான பிசிவி, வலது கையில் போலியோ ஊசி. போலியோ சொட்டு மருந்தும், வயிற்றுப்போக்குக்கான ரோட்டா மருந்தும் வாயில். எல்லாம் இலவசம். பெண்டா ஊசி இந்தியாவிலேயே முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான், 2011 டிசம்பரில். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி என்று ஐந்துக்கும் அந்த ஒரே குத்து. தனியாரில் போடும் 'வலியில்லா ஊசி'யைவிட இதில் காய்ச்சல் கொஞ்சம் கூடுதலாக வரும். அதற்காக நான் இடத்தை மாற்றப்போவதில்லை.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். அந்த வராந்தா பெஞ்சைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பிள்ளை வீறிட்டதும் வரிசையில் இருக்கிற அத்தனையும் சேர்ந்து அழ ஆரம்பிக்கும். என் மூத்தவன் நர்ஸம்மா முன்னால் கையை விரித்து நின்றுகொண்டான். "பாப்பாவுக்கு வேணாம், அந்த அண்ணனுக்குப் போடுங்க" என்று பின்னால் நின்ற பையனைக் காட்டினான். அந்தப் பையன் அழ, அவன் அம்மா சிரிக்க, நர்ஸம்மாவே ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண். இரட்டைப் பிள்ளைகள், இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றாள். மாற்றுத்துணி எடுக்கப் பையைத் திறந்தால் டிவி ரிமோட் வருகிறது. "அப்ப துணி டிவி மேல இருக்கும்" என்று எதிரில் இருந்தவள் சொன்னதும் பெஞ்சே குலுங்கியது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். யாரும் "ஏன் அழுவுற" என்று கேட்கவில்லை. ஒருத்தி ஒரு பிள்ளையை வாங்கிக்கொண்டாள், பேரனுக்கு ஊசி போட வந்த அப்பத்தா இன்னொன்றை மடியில் போட்டு, "நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வா தாயி" என்றார். வீட்டில் நமக்குக் கிடைக்காத வார்த்தை அது. எனக்கும் தொண்டை அடைத்தது.

குறையும் உண்டு. பால் கொடுக்க மறைவான இடம் இல்லை. இரண்டு பேர் துப்பட்டாவை விரித்துப் பிடிக்க, நடுவில் உட்கார்ந்து கொடுத்தோம், முறை வைத்து. நாங்கள் சமாளித்தோம் என்பதற்காக அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஒரு திரைச்சீலை போதும், சிஸ்டரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

நர்ஸம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இத்தனை கூச்சலிலும் ஒவ்வொருவரிடமும் சொன்னார்: என்ன ஊசி, என்ன செய்யும், அடுத்து எப்போது, அட்டையைத் தொலைக்காதே. குத்திய இடத்தைத் தேய்க்கக் கூடாது, எண்ணெய் வைக்கக் கூடாது. காய்ச்சல் மருந்துக்குப் பிள்ளையின் எடையைப் பார்த்து அளவு சொன்னார்.

போகிறவர்கள் ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். தண்ணீர், இரண்டு மாற்றுத்துணி, மூத்த பிள்ளை இருந்தால் பிஸ்கட் பாக்கெட். பக்கத்துப் பிள்ளைக்கும் சேர்த்து.

கிளம்பும்போது ஏழு பேர் நம்பர் வாங்கிக்கொண்டு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். 'நைட் ட்யூட்டி' என்று பெயர் வைத்தது ரிமோட் கொண்டுவந்தவள். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு பாப்பாவுக்கு உடம்பு சுட்டது. மருந்து கொடுத்துவிட்டு, "யாராவது முழிச்சிருக்கீங்களா?" என்று போட்டேன். நிமிஷத்தில் ஐந்து பேர். ஒருத்தி தூளியை ஆட்டுகிற தன் காலை மட்டும் படம் எடுத்துப் போட்டிருந்தாள்.

அடுத்தது ஒன்பது மாச ஊசி. ஏழு பேரும் ஒரே புதன்கிழமை வருவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.