பினாங்குச் சுவரோவியங்களுக்கு எந்த லென்ஸ்: 35, 16-35, 85?

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் சுவரோவியங்களை எடுக்க எந்த லென்ஸ் போடுவது என்பதில் பாதியைச் சந்தின் அகலமே முடிவு செய்துவிடும். பின்னால் நகர இடம் இருக்காது. இரண்டு எட்டு வைத்தால் முதுகு எதிர்க்கடையின் அஞ்சடி (கடைமுன் நடைபாதை) தூணில் முட்டும், இல்லையென்றால் பின்னால் வரும் மோட்டார் ஹாரன் அடிக்கும்.

போன முறை நானும் மச்சானும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறியபோது இருவர் பையிலும் சேர்த்து மூன்று லென்ஸ்கள் இருந்தன. என்னிடம் 35 மி.மீ. பிரைமும் (ஜூம் ஆகாத லென்ஸ்) 85-உம், அவனிடம் 16-35 ஜூம். மாற்றி மாற்றிப் போட்டு ஒரே சுவர்களை எடுத்தோம். எங்கள் இரண்டு கேமராவுமே ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய சென்சார். அதைவிடச் சின்ன சென்சாரான ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர்கள் நான் சொல்லும் லென்ஸ் எண்களை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள். 35-க்குப் பதில் 23 என்று வரும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்றால் 16 மி.மீ. சுமார் 11 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 24 பிடிப்பது ஏழரை மீட்டர், 35 பிடிப்பது 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், 50 மூன்றரை மீட்டர், 85 வெறும் 2 மீட்டர். இது மனதில் இருந்தால் சந்துக்குள் நுழைந்ததுமே எந்த லென்ஸ் என்று தெரிந்துவிடும்.

ஆர்மேனியன் ஸ்ட்ரீட் சைக்கிள் பிள்ளைகளிடம் ஆரம்பித்தோம். லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸகரெவிச் 2012-இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தது. அக்காவும் தம்பியும் சுவரில் ஓவியம், சைக்கிள் மட்டும் நிஜம். லென்ஸின் குணம் இங்கே உடனே தெரிகிறது. மச்சான் 16-இல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தான். சைக்கிள் சுவரை விட்டு நம் பக்கம் தள்ளி நிற்பதால் அதன் ஹேண்டில்பார் பெரிதாகி, பிள்ளைகள் பின்னால் சுருங்கிவிட்டார்கள். சைக்கிளை ஓட்டுவது அந்தப் பிள்ளைகள்தான் என்ற நினைப்பே போய்விட்டது. 35-ஐப் போட்டு 4 மீட்டர் தள்ளி நேர் எதிரில் நின்றதும் இரும்பும் வண்ணமும் ஒட்டிக்கொண்டன. தம்பி அக்காவை இறுக்கிப் பிடித்திருப்பது படத்தில் வந்தது. பெரிதாவதும் சுருங்குவதும் நாம் நிற்கும் தூரத்தால் வருவது. அகலமான லென்ஸ் நம்மை மிக அருகில் போகத் தூண்டுகிறது, அதுதான் ஆபத்து. ஆ க்வீ ஸ்ட்ரீட்டில் பழைய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் இதே கதைதான். நிஜப் பொருள் ஒட்டிய ஓவியம் என்றால் நான் 35-ஐத்தான் சொல்வேன், சந்தேகமே இல்லை.

ஆனால் முன்ட்ரி ஸ்ட்ரீட்டில் 35 தோற்றது. நீலச் சட்டைச் சிறுமி சன்னல்களுக்கு மேலுள்ள இரண்டு சிறு கூரைகளில் கை ஊன்றி நிற்கும் ஓவியம், மாடி உயரத்துக்குப் போகிறது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவரின் இரு ஓரமும் மேலே போகப் போகக் குறுகிக் கோபுரம் மாதிரி ஆகிவிடும். பிறகு மென்பொருளில் நிமிர்த்தலாம், ஆனால் ஓரங்களை வெட்டித் தள்ள வேண்டிவரும், மேல்பகுதியின் கூர்மையும் குறையும். மச்சான் செய்ததுதான் சரியான வழி. 16-இல் வைத்து, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, கொஞ்சமும் சாய்க்காமல் மட்டமாகப் பிடித்தான். 5 மீட்டரில் அப்படிப் பிடித்தால் தரையிலிருந்து சுமார் 7 மீட்டர் உயரம் வரை கோடுகள் நேராக நிற்கும். படத்தின் அடிப்பகுதி வெறும் தார்ச்சாலை. அதை வெட்டி எறிந்துவிடலாம். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ் இதையே பிக்சல் வீணாகாமல் செய்யும், ஆனால் அந்த விலைக்கும் எடைக்கும் பயணத்தில் அது வேண்டாம். ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா வரைந்த இந்தியப் படகோட்டி மாதிரியான பெரிய சுவர்களுக்கும் அகல ஜூம்தான்.

85-ஐப் பற்றி எல்லோரும் மனிதர் படத்துக்கு என்பார்கள். நான் அதைச் சுவரின் தோலுக்கு வைத்திருக்கிறேன். பழைய கடைவீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் ஏறும்போது வண்ணம் செதில் செதிலாகப் பெயரும். ஒரு கன்னத்தின் மேல் ஓடும் விரிசலை 85 தனியாக எடுத்துக் கொடுக்கும். ஊரெங்கும் இருக்கும் 52 இரும்புக்கம்பிச் சித்திரங்களுக்கும் இது பொருத்தம். கம்பி சுவரில் போடும் நிழல் இன்னொரு கோடாக விழுந்திருப்பதைத் தள்ளி நின்றே பிடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: லென்ஸின் துளையை அகலமாகத் திறக்கும் எஃப் 1.8-இல் 4 மீட்டர் தூரத்தில் இதன் கூர்மை முன்னும் பின்னும் ஒரு சாண் கூடக் கிடைக்காது. சைக்கிளில் ஃபோகஸ் வைத்தால் முகம் மங்கும். துளையைச் சுருக்கி எஃப் 8-க்குப் போய்விடுங்கள். நேர் சுவருக்கு மூன்று லென்ஸிலுமே 5.6 முதல் 8 வரைதான் ஓரங்கள் நன்றாக வரும்.

ஃபோன்? அதன் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24-க்குப் பக்கம். நேராகப் பிடித்தால் போதுமான படம் கிடைக்கும்.

வெளிச்சம் லென்ஸைவிட முக்கியம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வெறும் 5 டிகிரி வடக்கே. நண்பகலில் வெயில் தலைக்கு மேலிருந்து சுவரை உரசிக்கொண்டு இறங்கும், ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழல் போடும், கூரை நிழல் ஓவியத்தைக் குறுக்கே வெட்டும். காலை ஏழரைக்குப் போங்கள், வரிசையும் இருக்காது. ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே இருபது நிமிடம் விட்டுவிட்டுத் திறக்க வேண்டும். அதற்குள் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிடலாம்.

ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் திரிஷா எனும் மூன்று சக்கர ரிக்‌ஷாவோடு நின்றிருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் லென்ஸ் மாற்றுவதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, படகுல ரெண்டு பிள்ளைங்க இருந்துச்சே, அதை எடுத்தீங்களா?" என்று கேட்டார். கடல்மேல் மரக்கால் வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டியில் ஸகரெவிச் வரைந்ததைச் சொன்னார். கடல் காற்றிலும் வெயிலிலும் அது எப்படி வெளுத்துப்போனது என்று எனக்குத் தெரியும். வருடங்களுக்கு முன் அங்கே போனபோது என்னிடம் அகல லென்ஸ் மட்டுமே இருந்தது. வீடு, பலகை நடைபாதை, வானம் எல்லாம் அந்தப் படத்தில் இருக்கின்றன. பிள்ளைகளின் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான். அன்று 85 இருந்திருந்தால் அந்த இரண்டு முகங்களாவது என்னிடம் இருந்திருக்கும்.

அடுத்த முறையும் கேமராவில் 35, பையில் 85. அகல ஜூம் மச்சான் தோளில் வரட்டும்.