அரசியல் பொருளியல் படிக்கலாமா: ஒரு கட்டண ஆலோசனை அமர்வின் அனுபவம்

மகளின் தொடக்கக் கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்த வாரத்தில், சிங்கப்பூர் லிட்டில் இந்தியா வட்டாரத்திலுள்ள ஒரு தனியார் பட்டப்படிப்பு ஆலோசனை நிலையத்திற்கு அவளை அழைத்துச் சென்றிருந்தேன். ஒன்றரை மணி நேர அமர்வுக்குக் கட்டணம் 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அரசியல் பொருளியல் படிக்க விரும்புவதாக அவள் சொன்ன நாள் முதல், படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதற்கு விடை தேடித்தான் போனோம்.

பாடத்தை விளக்கிய முதல் முக்கால் மணி நேரத்திற்குக் கொடுத்த காசு தகும். ஆலோசகர் முதலில் என் தொழிலைக் கேட்டார். மளிகைச் சாமான் விநியோகத்துக்கு வேன் வைத்திருப்பதாகச் சொன்னதும், ஒரு தாளை இழுத்து அதன் நடுவில் வண்டியொன்றை வரைந்தார். புது வண்டி வாங்குவோர் கட்டாயம் எடுக்க வேண்டியது வாகன உரிமைச் சான்றிதழ். 1990இல் தொடங்கிய அந்த முறையில், புதிதாக எத்தனை வண்டிகளுக்கு இடம் என்பதை அரசாங்கம் முடிவு செய்கிறது. சான்றிதழின் விலையை ஏலம் முடிவு செய்கிறது. விலை ஏறும்போது பொருளியல் மாணவர் தேவையையும் அளிப்பையும் பார்ப்பார், அரசியல் மாணவர் அந்த எண்ணிக்கையை வகுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பார். ஏலத்துக்குப் பதில் குலுக்கல் வைத்திருந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம், ஏன் அந்த வழி எடுக்கப்படவில்லை என்று இரண்டையும் பிணைத்துக் கேட்பதுதான் இந்தப் படிப்பு என்றார். சரக்கு வண்டிகளுக்கான சி பிரிவுச் சான்றிதழை நினைத்தாலே பெருமூச்சு விடுகிற எனக்கு அது உடனே பிடிபட்டது. 1994இல் 3 விழுக்காட்டில் தொடங்கி 2024இல் 9 விழுக்காட்டை எட்டிய பொருள் சேவை வரியையும் இன்னோர் எடுத்துக்காட்டாக அதே தாளில் ஓர் ஓரமாக எழுதிக் காட்டினார்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தத்துவம், அரசியல், பொருளியல் மூன்றும் இணைந்த படிப்பும், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் அரசியல், சட்டம், பொருளியல் இணைந்த படிப்பும் இருப்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார், அவ்வளவு போதும்.

வேலை பற்றிய பகுதிதான் ஏமாற்றம். கொள்கை ஆய்வாளர், தூதரக அதிகாரி, செய்தியாளர் என்று வரிசையாக அச்சிட்ட ஒரு வண்ணத்தாளைக் கொடுத்தார்; ஒவ்வொன்றின் கீழும் ஒரு சம்பளத் தொகை இருந்தது. இது எந்த ஆண்டுக் கணக்கு என்று கேட்டதற்கு, "ஏறக்குறைய இப்படித்தான் சார்" என்றார். பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வு ஆண்டுதோறும் வெளியாகிறது. எந்தப் படிப்பை முடித்தவர்களுக்கு இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும்) மாதச் சம்பளம் எவ்வளவு என்பதைக் கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் காசில்லாமலே பார்த்துக்கொள்ளலாம். காசு வாங்குகிறவர் அதையாவது திறந்து காட்டியிருக்க வேண்டாமா?

சொல்லாமல் விட்டது அதைவிட முக்கியமானது. என் அக்கா மகள் இதே துறையில் படித்து, இப்போது ஒரு வங்கியில் வெளிநாடுகளின் கடன் அபாயத்தை மதிப்பிடும் பிரிவில் இருக்கிறாள். நேர்காணலில் அவளிடம் கோட்பாடு எதையும் கேட்கவில்லையாம். ஒரு நாட்டின் பத்தாண்டுத் தரவைக் கையில் கொடுத்து, கணினியில் பகுத்துக் காட்டச் சொன்னார்களாம். மத்திய வங்கியான நாணய ஆணையத்திலோ வர்த்தக, தொழில் அமைச்சிலோ பொருளியலாளராக வர நினைப்பவர், கட்டுரை எழுதும் பாடங்களை மட்டும் எடுத்துவிட்டுப் புள்ளியியலையும், தரவைக் கொண்டு பொருளாதாரத்தை ஆராயும் பொருளாதார அளவையியலையும் ஒதுக்கினால், அந்தக் கதவுகளில் பலவற்றைத் தாமே சாத்திக்கொள்கிறார். கணக்கில் மகளுக்கு எவ்வளவு விருப்பம் என்று அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒருமுறைகூட ஆலோசகர் கேட்கவில்லை.

கடைசிக் கால் மணி நேரம் மூன்று அமர்வுத் தொகுப்பை 480 வெள்ளிக்கு விற்பதில் கழிந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டோம். பாடம் என்னவென்றே தெரியாத பெற்றோர் ஓர் அமர்வுக்குப் போகலாம், தொகுப்பை வாங்க வேண்டாம். வேலை பற்றிக் கேட்க, பள்ளியிலுள்ள வாழ்க்கைத்தொழில் ஆலோசகரை முதலில் பாருங்கள், அவருக்குக் கட்டணமில்லை. வேனில் வருவோர் கவனத்திற்கு: அந்தக் கட்டடத்தில் சரக்கு வண்டி நிறுத்த இடம் கிடையாது.